பார்த்தீனியத்துக்குக் காவல்

செவ்வாய்க்கிழமை காலையில் என் கடையில் ஒரு சட்டைக்குக்கூட ஒழுங்காக அளவெடுக்க முடியாது. எதிர்வீடு மண்ணய்யாவின் வீடு. ஆறு மணிக்கே அங்கே வரிசை தொடங்கிவிடும். ஏழு மணிக்கு வரிசையின் வால் தெருவைத் தாண்டி என் வாசலுக்கு வரும். எட்டு மணிக்கு அந்த வால் படியேறி, மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்கும்.

வரிசையில் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் மண் இருக்கும். டிபன் டப்பாவில் மண், பிஸ்கட் டின்னில் மண், சோப்புப் பெட்டியில் மண். வங்கிக் காசாளர் ஒருவர் சலவை செய்த கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். படித்தவர் அல்லவா, சுத்தம் பார்ப்பார். எல்லாம் அவரவர் சொந்த நிலத்து மண். அந்த நிலங்களில் எல்லாம் பார்த்தீனியம் முழங்கால் உயரத்துக்கு எழும்பி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தொட்டால் அரிப்பு, மூச்சில் போனால் இளைப்பு, மாடு தின்றால் பாலில் கசப்பு. மண் ஈரமாக இருக்கும்போது இழுத்தால் வேரோடு கையில் வந்துவிடுகிற செடிதான். ஆனால் இழுக்க வேண்டுமே. அதைவிட வரிசையில் நிற்பது சுகம்.

தெருமுனையில் நகராட்சி ஒரு பலகை நட்டிருந்தது. ‘தனியார் நிலத்தில் வளரும் பார்த்தீனியத்தை நில உரிமையாளரே, பூக்கும் முன் வேரோடு அகற்ற வேண்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நல்ல உறுதியான பலகை. வரிசையில் நிற்கிறவர்கள் அதில் குடையை மாட்டிவைப்பார்கள்.

மண்ணய்யா முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அப்போது அவரை எல்லோரும் ‘அப்புறம் வாங்க’ என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது அவர் கையில் ஒரு பித்தளைப் புனல். மண்ணெண்ணெய் ஊற்றுகிற சாதாரணப் புனல். துலக்கித் துலக்கித் தங்கம் மாதிரி ஆக்கிவைத்திருந்தார். கொண்டுவந்த மண்ணின் மேல் புனலின் வாயைக் கவிழ்ப்பார். குழாய் முனையில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். மண் பேசும். அது பேசுவது அவர் ஒருவருக்குத்தான் கேட்கும். வேறு யாருக்காவது கேட்டிருந்தால் தொழில் நடந்திருக்காது.

“பங்காளிக்கு ஒரு குறை வச்சிருக்கீங்க,” என்பார், கண்ணைத் திறக்காமல்.

நிலம் வைத்திருக்கிறவனில் பங்காளியோடு மனத்தாங்கல் இல்லாதவன் எவன்?

“எல்லையில ஒரு தப்பு நடந்திருக்கு.”

எந்த எல்லையில்தான் நடக்கவில்லை? எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் வெளுத்துவிடும். நமக்குள்ளே இருந்த ரகசியம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வாயைப் பிளப்பார். உலகத்தில் பாதிப் பேருக்கு அதே ரகசியம்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றாது.

“மண்ணு அழுவுது. அந்தக் கண்ணீர்தான் செடியா முளைக்குது,” என்று முடிப்பார் மண்ணய்யா. பிறகு பரிகாரம். நாற்பது நாள் செடியைத் தொடக் கூடாது, வெட்டக் கூடாது, மாடு மிதிக்கக் கூடாது. நாற்பது நாளில் செடி தானாகவே காயும். காய்ந்தால் பாவம் தீர்ந்தது. காய்ந்த செடிக்கு அடியில் கிடக்கிற மண்ணைக் கூட்டி அள்ளி அவரிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதை அவர் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பிக் ‘காப்பு மண்’ என்று மற்றவர்களுக்குக் கொடுப்பார். நிலத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் அதைத் தூவினால் போதும், பார்த்தீனியம் எட்டிக்கூடப் பார்க்காது. பணத்தை அவர் கையால் தொட மாட்டார். அதற்காகவே அவர் மனைவி பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.

பை பச்சை நிறம். வாயில் சிவப்புக் கயிறு. இரண்டு ஓரமும் மடித்து இரட்டைத் தையல். பார்க்க அழகாக இருக்கும். இருக்காதா பின்னே, தைத்தது நான். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரை ஏமாற்றியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு நூலும் ஊசியுமாக வந்ததால் பங்கு என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாற்பது நாளில் நடந்த கூத்தைக் கேளுங்கள். நிலத்துக்குக் கம்பிவேலி போடாதவர்கள் எல்லாம் பார்த்தீனியத்துக்கு வேலி போட்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, தன் காலி மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் வந்த ஆடுகளைக் கல்லெறிந்து துரத்தினார். களை பிடுங்கக் கூலி கொடுக்க மனம் வராதவர்கள் களைக்குக் காவல்காரன் வைத்தார்கள்.

செடிகள் சொன்னபடி காய்ந்தன. தெருவே திரண்டு போய்ப் புனலைத் தொட்டு வணங்கியது. பிறகு மழை வந்தது. ஒன்று காய்ந்த இடத்தில் ஐம்பது முளைத்தது.

“யாரோ செடியைத் தொட்டிருக்காங்க,” என்றார் மண்ணய்யா. அவ்வளவுதான், வீட்டுக்கு வீடு விசாரணை. புருஷன் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டான், மாமியார் மருமகளைச் சந்தேகப்பட்டார். துணி காயப்போடும்போது ஓரம் பட்டிருக்குமோ என்று ஒரு வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். புனலை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

என் கதை இன்னும் கேவலம். கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் பேருக்குக்கூட ஒரு பார்த்தீனியம் இருந்ததில்லை. இருந்தாலும் முன்னெச்சரிக்கை என்று ஒரு பை காப்பு மண்ணை வாங்கி நாலு மூலையிலும் நடுவிலும் தூவினேன். மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், நாலு மூலையிலும் நடுவிலும் கச்சிதமாகப் பார்த்தீனியம். வேறெங்கும் இல்லை. பார்த்த நொடியில் எனக்கு என்னவோ உறைத்தது. அடுத்த நொடி எதிர்வீட்டிலிருந்து இருநூறு பைக்கு ஆர்டர் வந்தது. உறைத்தது போய்விட்டது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மண்ணய்யாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறித் தோட்டம். தக்காளி, கத்தரி, அவரை என்று பாத்தி பாத்தியாக இருக்கும். ஒரு களை இருக்காது. ‘பாவம் படாத மண்’ என்று மக்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்து உருகுவார்கள். என் கடை மாடியின் ஜன்னலிலிருந்து பார்த்தால், எதிர்வீட்டுக் கூரைக்கு அப்பால் அந்தத் தோட்டம் தெரியும். தினமும் விடிந்ததும் மண்ணய்யா கையுறை மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து எதையோ பிடுங்கிக்கொண்டிருப்பார். தியானம் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே அடிபட்டவர் எங்கள் பால்காரர். நாலு மாடு. வாய்க்கால் ஓரம் ஒரு மேய்ச்சல் நிலம். அந்த நாலு மாட்டையும் அந்த நிலத்தையும் நம்பித்தான் அவர் குடும்பம். முதல் நாற்பது நாள் செடிக்குக் காவல் இருந்தார். மழைக்குப் பிறகு மேய்ச்சல் நிலம் முழுக்கப் பார்த்தீனியம் பரவிப் புல்லை அமுக்கிவிட்டது. மறுபடி புனல், மறுபடி நாற்பது நாள். மாடுகள் வேலியோரத்தில் கிடைத்ததைத் தின்றன. கிடைத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பேக்கரி. அதை நடத்துகிறவர் தெருவுக்கே அக்கா. பால்காரருக்கு மட்டும் தங்கை. ஒரு திங்கட்கிழமை நான் அங்கே டீ குடிக்கப் போயிருந்தேன். அண்ணன் ஊற்றிவிட்டுப் போகிற பாலைக் காய்ச்சி, ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்த பேக்கரி அக்கா, பாத்திரத்தோடு தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார்.

“மூணாவது நாள் அண்ணே,” என்றார்.

“ரொம்பக் கசக்குதா?” என்று கேட்டார் பால்காரர். வாசலில் நின்ற மனிதர் உள்ளே வரவில்லை.

“குடிச்சவங்க துப்பிட்டுப் போறாங்க. சேகரிப்பு நிலையத்துல என்ன சொன்னாங்க?”

“இன்னொரு தடவை கசந்தா பேரை எடுத்துடுவாங்களாம்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அடுத்த புதன்கிழமை தரகர் வர்றாரு. நாலையும் ஓட்டிட்டுப் போகட்டும். வேற வழி தெரியல எனக்கு.”

“மாட்டைக் குடுத்துட்டு என்ன பண்ணுவே? செடியைப் பிடுங்கு அண்ணே. இப்போதான் மொட்டு வச்சிருக்கு. பூத்து விதை விழறதுக்குள்ள பிடுங்கினா தப்பிச்சோம்.”

“இருபத்தெட்டு நாள் பொறுத்துட்டேன். இன்னும் பன்னண்டு நாள்தானே. இப்போ கை வச்சா எல்லாம் வீணாயிடும்.”

“அப்படி என்னதான் சொன்னாரு அவரு?”

பால்காரர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பன்னைப் பார்த்தேன். மென்று விழுங்கிக் கடைசியில் சொன்னார்.

“கூடப் பிறந்தவ வயித்தெரிச்சல்னு சொன்னாரு. மேய்ச்சல் நிலத்துல உன் பங்கையும் நானே வச்சிருக்கேன்ல. அதான் மண்ணு அழுவுதாம்.”

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். அவருக்கு வந்தது கோபம் என்று முதலில் நினைத்தேன். அது வருத்தம்.

“அந்தப் பங்கை வேண்டாம்னு சொன்னது நான். எனக்குக் கடை இருக்கு, நீ மாடு வச்சுப் பொழைச்சுக்கோன்னு சொன்னதும் நான். பதினஞ்சு வருஷமா ஒரே தெருவுல இருக்கோம். தினமும் காலைல என் மூஞ்சியைப் பாக்குற. உனக்கு வயித்தெரிச்சலாம்மான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணல. டப்பால மண்ணை எடுத்துக்கிட்டுப் போய் அந்த ஆளைக் கேட்டிருக்க.”

பால்காரருக்குத் தலை நிமிரவில்லை.

“அந்தப் பையைக் குடு,” என்றார் அக்கா.

சட்டைப் பையிலிருந்து பச்சைப் பை வந்தது. மிச்சம் வைத்திருந்தார் போலிருக்கிறது. அக்கா மாவு சலிக்கிற சல்லடையை எடுத்து, அடியில் வெள்ளைத் தாள் விரித்து, காப்பு மண்ணைக் கொட்டிச் சலித்தார். மண் கீழே போனது. மேலே கறுப்பாக, தட்டையாக, எள்ளில் பாதிகூட இல்லாத மணிகள் ஒரு சிட்டிகை நின்றன.

“இது என்ன?”

“மண்ணு,” என்றார் பால்காரர்.

“மண்ணு கீழ போயிடுச்சு. மேல நிக்கிறது விதை. காஞ்ச செடிக்கு அடியில கூட்டி அள்ளின மண்ணுல விதை இல்லாம வேற என்ன இருக்கும்? அந்தச் செடிக்கு ஆயுசே மூணு நாலு மாசம்தான். பூத்து, விதையைக் கொட்டிட்டு, தானா காஞ்சுடும். புனலை வச்சாலும் காயும், வைக்கலைன்னாலும் காயும். நீ காவல் இருந்தது அது நல்லபடியா விதை போடுறதுக்கு.”

“இது அந்தச் செடியோட விதைதான்னு நீ எப்படிச் சொல்ற?”

“நான் சொல்ல வேண்டாம். போட்டுப் பாத்துடலாம்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வரிசை என் கடைக்குள் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம், பேக்கரி அக்கா கேக் சுடுகிற இரண்டு தட்டுகளோடு தெருவுக்கு வந்தார். இரண்டிலும் ஆற்று மணல். அடுப்பில் இரண்டு மணி நேரம் சுட்டு ஆறவைத்தது. அதில் உயிரோடு எதுவும் இருக்க வழியில்லை.

“உங்க காப்பு மண்ணுல ஆளுக்கொரு சிட்டிகை குடுங்க,” என்று வரிசையில் கேட்டார். “ஒரு தட்டுல மட்டும் போடப் போறேன். இன்னொண்ணுல வெறும் மணல். ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே வெயில். எதுல முளைக்குதுன்னு பாக்கலாம்.”

கூட்டம் சிரித்தது. காவல் காத்த லாரி டிரைவர் முன்னால் வந்தார். மண்ணய்யாவின் பக்தர்களில் இவர் முதல் வரிசை.

“நல்லாப் போடுங்கக்கா. ஐயா மண்ணுல எதுவும் முளைக்காது. எழுதி வச்சுக்கங்க.”

“அப்போ நீங்களே போட்டு, நீங்களே மூடுங்க.”

அவரே பையை அவிழ்த்துத் தூவினார். தண்ணீர் தெளித்தார். இரண்டு தட்டின் மேலும் கண்ணாடி வைத்து, ஓரத்தில் ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் தன் கையெழுத்தையும் போட்டார். பெரிய கையெழுத்து. தட்டுகள் பேக்கரி ஜன்னலில் வெயில் படுகிற விளிம்பில் உட்கார்ந்தன. மண்ணய்யா தன் வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது நாள் ஒரு தட்டில் பச்சையாக ஊசிமுனை தெரிந்தது. ஆறாவது நாள் ஊசிமுனைகள் இலையாயின. பக்கத்துத் தட்டில் மணல் மணலாகவே கிடந்தது. லாரி டிரைவர் தினமும் இரண்டு வேளை வந்து கையெழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். கையெழுத்து சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தட்டுகளை மண்ணய்யாவின் வாசலுக்கே கொண்டுபோய் வைத்தார் பேக்கரி அக்கா. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. மண்ணய்யா புனலைத் துடைத்தார், பிறகு தொண்டையைச் சரிசெய்தார்.

“மணலைச் சுட்டுருக்காங்க. நெருப்புல போட்டா மண்ணுக்குக் கோபம் வராதா?”

“அதானே,” என்றது கூட்டம். கூட்டத்துக்கு எப்போதும் ஒரு ‘அதானே’ கைவசம் உண்டு.

லாரி டிரைவர் தலையைச் சொறிந்தார். “ரெண்டு தட்டு மணலையும்தானே ஐயா சுட்டாங்க. ஒரு தட்டுக்கு மட்டும் ஏன் கோபம் வந்துச்சு?”

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த கேள்வி. மண்ணய்யாவே ஒரு நிமிஷம் சப்பைக்கட்டு தேடினார்.

“அது அந்தம்மாவோட பாவம்,” என்றார். “அவங்க கை பட்ட தட்டு. உள்ள ஆயிரம் வஞ்சம் வச்சுக்கிட்டு இருக்காங்க. மண்ணுக்கு எல்லாம் தெரியும்.”

அக்கா வாயைத் திறக்குமுன், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பால்காரர் முன்னால் வந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார்.

“ஐயா, என் தங்கச்சி பாவம் இருக்கட்டும்,” என்றார். “எனக்கு நாளைக்குத் தரகர் வர்றாரு. உங்க வார்த்தையை நம்பி மாட்டைக் குடுக்கணுமா, இல்ல செடியைப் பிடுங்கணுமான்னு எனக்கு இன்னைக்கே தெரியணும். அதனால கேக்குறேன். பாவமே படாத நிலம் ஒண்ணு இருந்தா, அதுல இந்த மண்ணைத் தூவினா முளைக்காதுல்ல?”

“முளைக்காது,” என்றார் மண்ணய்யா. வேறு என்ன சொல்ல முடியும்?

“பாவம் படாத நிலம் உங்க தோட்டம்தான் ஐயா. எல்லாருக்கும் தெரியும்.”

“அதானே,” என்றது கூட்டம். இந்தத் தடவை அது அவருக்கு உதவவில்லை.

பைகளில் நிரப்புவதற்காக வாசலில் கட்டிவைத்திருந்த காப்பு மண் மூட்டை ஒன்றைப் பால்காரர் தூக்கித் தோளில் வைத்தார். அவரிடம் நக்கல் இல்லை, சவால் இல்லை. நிஜமாகவே நம்பித்தான் போனார். தோட்டத்தில் தூவுவோம், எதுவும் முளைக்காமல் இருக்கட்டும், நான் பட்ட கஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கட்டும் என்ற ஆசை அந்த முகத்தில் தெரிந்தது. பைகளைத் தைத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பால்காரர் வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துப் படல் கதவை நோக்கிப் போனார். மூட்டையின் வாயை அவிழ்த்தார். கூட்டம் பின்னாலேயே போனது. அதுவரை யாருக்காகவும் எழுந்து நடக்காத மண்ணய்யா ஓடினார். புனல் கீழே விழுந்து உருண்டது. படலின் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்பா. போடாதே.”

“ஏன் ஐயா? உங்க மண்ணுதானே.”

“போடாதேன்னா போடாதே.”

“கொஞ்சமா ஒரு பாத்தியில மட்டும்,” என்று கையை மூட்டைக்குள் விட்டார் பால்காரர்.

“டேய், அதுல விதை இருக்குடா,” என்று கத்தினார் மண்ணய்யா. “தோட்டமே நாசமாப் போயிடும்.”

மண்ணய்யாவின் மனைவி உள்ளேயிருந்து ஜன்னலைச் சாத்தினார்.

பால்காரர் மூட்டையை இறக்கி வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார். “அப்போ என் நிலம் நாசமாப் போனா பரவாயில்லையா?”

மண்ணய்யா முகத்தில் அசடு வழிந்தது. அவர் காதுக்கு ஆற்று மண்ணும் வயல் மண்ணும் பேசியது கேட்கும். இந்தக் கேள்வி மட்டும் கேட்கவில்லை போலிருக்கிறது.

“உனக்கு எப்போ தெரியும்யா விதை இருக்குன்னு?” என்று லாரி டிரைவர் கேட்டார். மரியாதை அங்கேயே ஒரு படி இறங்கிவிட்டது.

அப்போதுதான் எனக்கும் நாக்கு வந்தது. “தினமும் காலைல இவரே கையுறை போட்டுக்கிட்டு களை பிடுங்குறாரு. நான் ஜன்னல் வழியா பாத்திருக்கேன்,” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இத்தனை மாசமா பாத்துட்டு ஏன் டெய்லரண்ணே சொல்லல?” என்று கேட்டார் பேக்கரி அக்கா.

என் பதில் பச்சை நிறத்தில், இரட்டைத் தையலோடு எல்லோர் கையிலும் இருந்தது. அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதற்குப் பிறகு ஊர் திருந்தியது என்று நினைப்பீர்கள். கூட்டத்தில் ஒருவர், “இருந்தாலும் உண்மையை அவரே தன் வாயால ஒத்துக்கிட்டாரு பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும்,” என்று உருகினார். இன்னொருவர் விழுந்து கிடந்த புனலை எடுத்து, தூசி தட்டி, பயபக்தியோடு திண்ணையில் வைத்தார். காதில் பூச்சுற்றிக்கொள்ளப் பழகிவிட்டால், பூவை எடுத்த பிறகும் காது அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஆனால் பால்காரர் அங்கே நிற்கவில்லை. நேரே மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். அக்கா பேக்கரியை மூடிவிட்டு, அடுப்புத் தட்டைப் பிடிக்கிற தடித்த கையுறைகளை அள்ளிக்கொண்டு பின்னால் போனார். பால்காரர் மனைவி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் செடிகள் சொன்ன பேச்சைக் கேட்டு வேரோடு வந்தன. மொட்டுகள் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் நாலைந்து நாள் தாமதித்திருந்தால் அந்த நிலம் அடுத்த ஐந்து வருஷத்துக்கும் அந்தச் செடிக்குத்தான் சொந்தமாக இருந்திருக்கும்.

நானும் போனேன். எனக்குக் கையுறை மிச்சம் இல்லை. தைத்து வைத்திருந்த பச்சைப் பைகளில் நாலை, கைக்கு இரண்டாக விரல்களில் மாட்டிக்கொண்டேன். அவை உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது அன்றுதான். சாயங்காலத்துக்குள் பாதி நிலம் சுத்தமானது. பிடுங்கியதை எல்லாம் குழி வெட்டிப் போட்டு மூடினோம். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போயிற்று. பால்காரர் ஒரு தடவை நிமிர்ந்து, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. தங்கைதான் பதில் சொன்னார்.

“இவ்வளவுதான் அண்ணே. மழை பெய்யப் பெய்ய இன்னும் முளைக்கும். முளைக்க முளைக்கப் பிடுங்கணும். புல்லு விதை போட்டு நிலத்தை மூடணும். ரெண்டு மூணு வருஷம் விடாம செய்யணும். அதிசயம் எதுவும் கிடையாது.”

“உன்னைக் கேட்டிருக்கணும்மா,” என்றார் அவர். அக்கா அடுத்த செடியை இழுத்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். செடியின் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் தரகர் வந்தார். மாட்டின் பல்லைப் பார்க்கக் கையை நீட்டியபோது, லாரி நிறைய வைக்கோலோடு டிரைவர் வந்து சேர்ந்தார். எங்கிருந்து, எப்படி என்று சொல்லவில்லை. “காவல் காத்த பாவத்துக்கு,” என்று மட்டும் சொன்னார். தரகர் வெறுங்கையோடு போனார். பத்து நாள் கழித்து சேகரிப்பு நிலையத்தில் பாலை வாயில் விட்டுப் பார்த்தவர் துப்பவில்லை. பால்காரர் பெயர் பட்டியலில் நின்றது. நாலு மாடும் கொட்டிலில் நின்றன.

மண்ணய்யா ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டார். ஆறு மைல் தள்ளி ஓர் ஊரில் இப்போது அவர் கிணற்றோடு பேசுகிறாராம். கூட்டம் நன்றாகவே வருகிறதாம். அவர் தோட்டம் ஆள் இல்லாமல் கிடக்கிறது. ஒரே மாதத்தில் அந்தப் பாவம் படாத மண்ணில் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

போன வாரம் ஒரு பெரிய மனிதர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். ஊருக்கு வெளியே மூன்று மனை வைத்திருக்கிறவர். அளவு நாடாவை நான் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கும்போது, எதிர்வீட்டுப் பூட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ஐயா இருந்த வரைக்கும் போய் நிக்க ஒரு இடம் இருந்துச்சு. என் மனைல செடி இன்னும் அப்படியே நிக்குது. இனிமே நாங்க யாரைப் போய்ப் பாக்குறது டெய்லரே?”

நான் நாடாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

“அந்த வாசல்ல நாம எத்தனை தடவை குனிஞ்சோம் சார்? அதுல பாதித் தடவை நம்ம நிலத்துல குனிஞ்சிருந்தா செடி என்னைக்கோ போயிருக்கும். குனிய நமக்கு நல்லாத்தான் தெரியும். யோசிச்சுட்டுக் குனியத்தான் தெரியல.”